சின்னக் கடைக்காரர் டிஜிட்டலுக்கு வந்துட்டார். வங்கியும் அரசும் எப்போ அவர் பக்கம் வரும்?

(பிரம்மதேசத்தில் நடைபெற்ற நம் கட்சி வணிகர் அணியின் கலந்துரையாடல் கூட்டத்தில் ஒன்றிய அமைப்பாளர் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



மேடையில் இருக்கும் நிர்வாகிகளே, ராத்திரி வியாபாரத்தைப் பாதியில் விட்டுட்டு வந்திருக்கும் கடைக்கார அண்ணன்மார்களே, அக்காமார்களே, போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற ஐ.டி. அணித் தம்பிகளே! ஏழு மணிக்குக் கடையைச் சாத்திட்டு வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நானும் மளிகைக் கடைக்காரன்தான். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

"உள்ளூர் வணிகமும் டிஜிட்டல் கரன்சியும்" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. போஸ்டரைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, பிட்காயின் பத்தியா பேசப் போறீங்க? நானும் கொஞ்சம் வாங்கி வச்சிருக்கேன்." அந்தத் தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கார், பேரைச் சொல்ல மாட்டேன். அவருக்காகவே முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடறேன். டிஜிட்டல் பணம்னு நாம சொல்றது மூணு வேற வேற சரக்கு. மூணையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டக் கூடாது.

நம்ம கடையில ஒட்டியிருக்கிற ஸ்கேனர் இருக்கே, ஜிபே, போன்பே, பேடிஎம், அதெல்லாம் யுபிஐ. அது புதுப் பணம் கிடையாது. உங்க வங்கிக் கணக்குல இருக்கிற ரூபாயை என் கணக்குக்கு மாத்துற வழி, அவ்வளவுதான். இரண்டாவது, இ-ரூபாய். இது ரிசர்வ் வங்கியே வெளியிடுற பணம். காகிதத்தில் அச்சடிக்கிறதுக்குப் பதிலா போன்ல இருக்கும். 2022 டிசம்பர் 1ஆம் தேதி மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர்னு நாலு ஊர்ல முன்னோட்டமா ஆரம்பிச்சாங்க. மூணாவது, நம்ம தம்பி வாங்கி வச்சிருக்கிற சரக்கு. அதுக்குப் பின்னாடி ரிசர்வ் வங்கியும் இல்ல, எந்த அரசும் இல்ல. லாபம் வந்தா 2022 ஏப்ரல்ல இருந்து 30 சதவீதம் வரி. நஷ்டம் வந்தா அதை வேற எந்த வருமானத்திலும் கழிச்சிக்க முடியாது. எல் சால்வடோர்னு ஒரு சின்ன நாடு 2021 செப்டம்பர்ல பிட்காயினைச் சட்டப்படியான பணமாவே ஆக்கி, கடைக்காரங்க வாங்கித்தான் ஆகணும்னு சொல்லிப் பார்த்தாங்க. மக்கள் கண்டுக்கல. பன்னாட்டு நிதியத்துகிட்ட கடன் கேட்கப் போன இடத்துல அந்த நிபந்தனையைக் கைவிட வேண்டி வந்து, 2025 ஜனவரியில் சட்டத்தையே திருத்திட்டாங்க. ஒரு நாடே இறங்கிப் பார்த்துட்டுக் கரையேறின ஆத்துல நீ ஏன் தம்பி குதிக்கிற? அதோட அந்தக் கதையை முடிச்சிக்கறேன்.

நமக்கு உண்மையில் முக்கியமானது முதல் ரெண்டும்தான்.

பணம் என்கிற பொருள் காலத்துக்குக் காலம் உருமாறிக்கிட்டேதான் இருக்கு. நம்ம மாவட்டத்து எண்ணாயிரம் கோயில் கல்வெட்டைப் பாருங்க. ராஜேந்திர சோழன் காலத்துல அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தவங்களுக்கு நெல்லும் பொன்னும் சம்பளமா அளந்திருக்காங்க. நெல்லு போய் காசு வந்தது, காசு போய் நோட்டு வந்தது. அந்த நோட்டையும் 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு டிவியில வந்து செல்லாதுன்னு சொன்னாங்க. நாட்டுல புழங்கிக்கிட்டிருந்த பணத்தோட மதிப்புல 86 சதவீதம் ஒரே ராத்திரியில் போச்சு. திண்டிவனம் ஏடிஎம் வாசல்ல நாம நின்ன நிலையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அன்னிக்கு டிஜிட்டலுக்கு மாறுங்கன்னு மேல இருந்து உத்தரவு போட்டாங்க. நாம மாறல. ஏன்னா நம்மகிட்ட போனும் இல்ல, டவரும் இல்ல.

பிறகு எப்போ மாறினோம்? கொரோனா சமயத்துல, நோட்டைத் தொடவே ஜனங்க பயந்தப்போ மாறினோம். அதுக்கப்புறம் நமக்கே தேவை வந்தது. யோசிச்சுப் பாருங்க, நம்ம வாடிக்கையாளர் கைக்கு இப்போ பணம் எப்படி வருது? மகளிர் உரிமைத் தொகை கணக்குல வருது. நூறு நாள் வேலைக் கூலி கணக்குல வருது. மணிலா போட்டவருக்கு விற்பனைக் கூடத்துப் பணம் கணக்குல வருது. சென்னையில வேலை பார்க்கிற பையன் அம்மாவுக்குப் போன்லதான் அனுப்புறான். வர்ற பணமெல்லாம் கணக்குல வந்தா, போற பணம் மட்டும் எப்படி நோட்டாப் போகும்? அதனாலதான் பெட்டிக்கடை, பூக்கடை, மீன் கூடை வரைக்கும் ஸ்கேனர் வந்தது. கோடையில மரக்காணம் ரோட்டோரம் தர்பூசணி விக்கிறவங்களைக் கேளுங்க. கார்ல வர்ற சென்னைக்காரர் பையில நோட்டே இருக்காது. ஸ்கேனர் இல்லேன்னா வண்டி அடுத்த குவியலுக்குப் போயிடும்.

2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல யுபிஐ பரிவர்த்தனை 2,000 கோடியைத் தாண்டியது. டெல்லியில அதைப் பெருமையாச் சொன்னாங்க. பெருமைதான், மறுக்கல. ஆனா அந்த 2,000 கோடியில பத்து ரூபாய் டீயும், இருபது ரூபாய்க் கீரையும், நாப்பது ரூபாய் இட்லியும் எத்தனை கோடி இருக்கும்? அந்தப் பெருமையில பாதி நம்ம கல்லாவுல இருந்து போனது.

நாம நம்ம பங்கைச் செஞ்சிட்டோம். பதிலுக்கு நமக்கு என்ன கிடைச்சது? இதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்.

நம்ம பக்கத்துல ஒரு இட்லிக் கடை அக்கா. ஊரும் சொல்லல, பேரும் சொல்லல, உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ரோட்டுல போன நாலு பேர் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டாங்க. 380 ரூபாய். போன்ல கட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மகளிர் குழுத் தவணைக்குப் பணம் எடுக்கப் போனா, ஏடிஎம் தரமாட்டேங்குது. வங்கிக்குப் போனா, "வெளிமாநில சைபர் க்ரைம் போலீஸ் உங்க கணக்கை முடக்கச் சொல்லியிருக்காங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பதில். கணக்குல இருந்தது 46,000 ரூபாய். அரிசி, உளுந்து, கேஸ், பள்ளிக்கூடப் பீஸ் எல்லாம் அதுலதான்.

என்ன நடந்ததுன்னு பிறகுதான் புரிஞ்சது. எங்கேயோ ஒருத்தர் ஏமாந்திருக்கார். 1930க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாப் போச்சோ அத்தனையிலும் கை வைக்கச் சொல்லிக் கணினியிலேயே உத்தரவு போகுது. ஏமாத்தினவன் அந்தக் காசுல இட்லி சாப்பிட்டிருக்கான். அக்கா கணக்கும் சங்கிலியில ஒரு கண்ணி ஆயிடுச்சு.

நான் நியாயமாப் பேசணும். நாளைக்கு என் பணத்தை ஒருத்தன் சுருட்டினா, உடனே முடக்குங்கன்னுதான் நானும் கத்துவேன். வேகமா முடக்கறது தப்பில்ல. ஆனா 380 ரூபாய்க்கு 380ஐ நிறுத்தி வை. 46,000ஐ ஏன் பூட்டுற? திருடன் கடையில டீ குடிச்சதுக்காகக் கடைக்கே சீல் வைப்பாங்களா?

இது எங்க ஊர்க் கதை மட்டுமில்ல. கேரளாவுல 2023ல இதே மாதிரி நிறைய வியாபாரிங்க கணக்கு முடங்கி, உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. புகார்ல சொன்ன தொகையை மட்டும் நிறுத்தி வச்சா போதும்னு கோர்ட்டு சொல்லிச்சு. 2024ல நம்ம சென்னை உயர் நீதிமன்றமும், தொகை எவ்வளவுன்னே சொல்லாம மொத்தக் கணக்கையும் முடக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. தீர்ப்பு சென்னையில இருக்கு. அது நம்ம ஊர் வங்கிக் கவுன்டர் வரைக்கும் இன்னும் வந்து சேரல.

நம்ம அணித் தோழர்கள் அந்த அக்காவுக்காக எழுதினாங்க. புகார் எண்ணை வங்கியில எழுத்துல கேட்டு வாங்கி, அந்த மாநிலப் போலீசுக்கு மின்னஞ்சல் போட்டு, தீர்ப்பு நகலை மேனேஜர் மேசையில வச்சு, ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆச்சு கணக்கு திறக்க. அந்த ரெண்டு மாசம் அக்கா தண்டலுக்கு வாங்கிக் கடையை ஓட்டினாங்க. தண்டல்காரரும் இப்போ ஜிபே நம்பர்தான் கொடுக்கிறார், கேட்டீங்களா! அவரு கணக்கு முடங்கினதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

இன்னிக்கும் அந்தக் கடையில ஸ்கேனர் அட்டை இல்ல. சுவத்துல பசை ஒட்டின தடம் மட்டும் இருக்கு. கேட்டா, "நோட்டா குடுத்தா சாப்பிடு, இல்லேன்னா நாளைக்குக் குடு" என்கிறாங்க. டிஜிட்டல் இந்தியா ஒரு வாடிக்கையாளரை இழந்தது இப்படித்தான்.

அடுத்து, எல்லாரும் பயந்துகிட்டிருக்கிற ஜிஎஸ்டி விஷயம். 2025 ஜூலைல கர்நாடகாவுல என்ன நடந்தது? யுபிஐ கணக்கை எடுத்துப் பார்த்து வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிச்சு. ஹாவேரியில ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ். நாலு வருஷத்துக் காய்கறி விற்பனையைக் கூட்டிப் போட்டுட்டாங்க. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூருல கடைக்குக் கடை ஸ்கேனரைக் கழட்டிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினாங்க. கடையடைப்புன்னு அறிவிச்ச பிறகுதான் முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிங்களைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம்னு சொன்னார்.

நம்ம ஆளுங்களுக்கு நான் சொல்றது, பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கணக்கு இதுதான். பொருள் மட்டும் விக்கிறவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனையைத் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதாவது தினம் சுமார் 11,000 ரூபாய் விற்பனை. டீக்கடை, டிபன் கடை சேவைக் கணக்குல வரும், அதுக்கு 20 லட்சம். தினம் 5,500 ரூபாய். இது லாபம் இல்ல, விற்பனை. கல்லாவுல விழுந்த மொத்தம். பச்சைக் காய், பூ, பால், பச்சை மீன் மட்டும் விக்கிறவருக்கு வரியும் இல்ல, பதிவும் தேவையில்ல. வரம்பைத் தாண்டினவங்களுக்கும் இணக்க வரித் திட்டம் இருக்கு, ஒண்ணரைக் கோடி வரைக்கும். கடைக்காரர்னா 1 சதவீதம், உணவுக் கடைன்னா 5 சதவீதம்.

நம்ம பக்கம் ஒரு தப்பும் இருக்கு, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். கடைப் பணமும், சீட்டுப் பணமும், தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வந்த மொய்யும், கைமாத்தும் எல்லாம் ஒரே நம்பர்ல வாங்கறோம். நாளைக்கு யாராவது அதிகாரி மொத்தத்தையும் கூட்டி "இதுதான் உன் விற்பனை" என்றால் நாம என்ன காட்டுவோம்? கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. இதை இந்த மாசமே செய்யுங்க. கொள்முதல் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு அட்டைப் பெட்டி போதும், கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம்.

செலவைப் பத்தியும் சொல்லணும். 2020 ஜனவரியில இருந்து யுபிஐக்குக் கடைக்காரர்கிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. நல்லது. ஆனா அந்தப் பேசுற பொட்டி இருக்கே, அதுக்கு மாசம் நூறு ரூபாய்க்கு மேல வாடகை பிடிக்கிறாங்க. வருஷத்துக்கு 1,200. பொட்டி பேசலேன்னா கும்பல் நேரத்துல யார் கட்டினாங்க, யார் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிட்டுப் போனாங்கன்னு தெரியாது. அப்போ அது ஆடம்பரம் இல்ல, அவசியம். 2025 மார்ச்ல ஒன்றிய அமைச்சரவை 1,500 கோடி ஊக்கத்தொகை அறிவிச்சது. சின்னக் கடைக்கு வர்ற 2,000 ரூபாய் வரைக்குமான தொகைக்கு 0.15 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு ஒண்ணரை ரூபாய். சந்தோஷப்பட்டுக் கை தட்டிடாதீங்க, அது வங்கிக்கும் செயலிக் கம்பெனிக்கும்! கடைக்காரர் கணக்குக்கு அதுல நேரா ஒரு ரூபாயும் வராது. செலவை யாராவது ஏத்துக்கத்தானே வேணும்னு ரிசர்வ் வங்கி ஆளுநரே பேச ஆரம்பிச்சிட்டார். 3,000 ரூபாய்க்கு மேல கட்டணம் வரப் போகுதுன்னு 2025 ஜூன்ல செய்தி வந்து, நிதி அமைச்சகம் மறுத்தது. இன்னிக்கு மறுக்கறாங்க. நாம விழிச்சிருக்கணும். சின்னக் கடைக்குக் கட்டணம் இல்லை என்பது மாறக் கூடாது, பொட்டி வாடகையை அந்த ஊக்கத்தொகையிலேயே கழிக்கணும். இது நம்ம அணியின் தீர்மானமா மாவட்டத்துக்குப் போகுது.

இப்போ இ-ரூபாய்க்கு வர்றேன். 2025 மார்ச் முடிவுல நாடு முழுக்கப் புழக்கத்துல இருந்த இ-ரூபாய் 1,016 கோடி. அதே நேரத்துல காகித நோட்டு 36 லட்சம் கோடிக்கு மேல. கடல் பக்கத்துல ஒரு குடம். ஏன் யாரும் வாங்கல? ஜிபே இருக்கும்போது இது எதுக்குன்னு ஜனங்களுக்குப் புரியல. நியாயமான கேள்விதான்.

ஆனா எனக்கு ஒரு நினைப்பு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி உடைஞ்சு, கம்பம் சாஞ்சு, கரண்ட் போய், டவரும் போச்சு. கணக்குல பணம் இருக்கு, கையில பைசா இல்ல. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு என் கடை வாசல்ல நின்னு பால் பவுடர் கேட்டுச்சு. போனை நீட்டிச்சு. அதுல சார்ஜும் இல்ல, சிக்னலும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போம்மான்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டேன். அன்னிக்கு இந்தப் பகுதியை ஓட்டினது எந்தச் செயலியும் இல்ல, கடைக்காரரோட கடன் நோட்டு. எழுதினதுல பெரும்பாலும் திரும்பி வந்துடுச்சு. வராததை நான் கேட்கவும் இல்ல.

இணையமே இல்லாம ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்குப் போகிற இ-ரூபாயை 2025 அக்டோபர்ல அறிமுகப்படுத்தியிருக்காங்க. இதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. புயல் வர்ற கடலோரத்துக்கு, சிக்னல் வராத உப்பளத்துக்கு, படகுக்கு. இதை எங்கே சோதிக்கணும்? ஏசி போட்ட மால்லயா? மரக்காணத்துல சோதிச்சுப் பாருங்க. பிரம்மதேசத்துல ஐம்பது கடையில குடுத்துப் பாருங்க. இங்கே ஓடினா இந்தியாவுல எங்கேயும் ஓடும். ஓடலேன்னா எங்கே ஓடலன்னு கடைக்காரரே சொல்லிடுவார், அதிகாரி அறிக்கை எழுத வேண்டியதில்ல. இதையும் கோரிக்கையா வைக்கிறோம். கூடவே ஒண்ணு: நோட்டு வேண்டாம்னு எந்த அரசு அலுவலகமும் சொல்லக் கூடாது. போன் இல்லாத பாட்டி கொடுக்கிற இருபது ரூபாயும் ரிசர்வ் வங்கி கையெழுத்துப் போட்ட பணம்தான்.

நேரமாச்சு, சிலர் கடிகாரத்தைப் பார்க்கறீங்க. கடைசியா கையோடு செய்ய வேண்டிய சில வேலை. தினம் காலையில கடை திறந்ததும் உங்க ஸ்கேனரை நீங்களே ஒரு தரம் ஸ்கேன் பண்ணி உங்க பேர் வருதான்னு பாருங்க. கஜுராஹோவுல 2025 ஜனவரியில ராத்திரியோட ராத்திரியா கடைகள்ல வேற அட்டையை மேல ஒட்டிட்டுப் போயிருக்கானுங்க. பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்ல. போடச் சொன்னா அவன் திருடன். பணம் போயிடுச்சுன்னா அந்த நிமிஷமே 1930. வங்கி முப்பது நாள்ல பதில் சொல்லலேன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், 14448ல விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது.

கணக்கு முடங்கினவங்க, நோட்டீஸ் வந்தவங்க யாரா இருந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், ஞாயித்துக்கிழமை காலையில நம்ம கிளை அலுவலகத்துக்கு வாங்க. பாஸ்புக், வங்கி கொடுத்த கடிதம், புகார் எண் இருந்தா அது, மூணு மாச ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வாங்க. வக்கீல் அணித் தோழர் ரெண்டு பேர் உட்காருவாங்க. இட்லிக் கடை அக்கா மனுவை மாதிரியா வச்சு எழுதிக் கொடுப்போம். அந்த அக்காவே வந்து காட்டறேன்னு சொல்லியிருக்காங்க.